யாருட்டி சுட்டது?

அம்மா கடைசியாகத் திருவிருந்து வாங்கியது வீட்டுக் கட்டிலில், மூன்று தலையணையில் சாய்ந்தபடி. சபை ஐயர் வந்ததும், மாத்திரை அட்டைகளும் டானிக் பாட்டிலும் கிடந்த முக்காலியைத் துடைத்துக் கொடுத்தேன். அதன்மேல் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைத் துணியை விரித்து, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு வெள்ளித் தட்டையும் கிண்ணத்தையும் வைத்தார். அம்மாவுக்கு அப்போது தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கச் சிரமம். அப்பத்தைத் திராட்சரசத்தில் நனைத்து நாக்கின்மேல் வைத்தார். அம்மா வெகுநேரம் வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இத யாருட்டி சுட்டது?"

யார் வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் அவள் முதலில் கேட்கிற கேள்விதான் அது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் ஐம்பது வருஷம் தோசைக்கு ஆட்டிய கை. ஐயர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பாக்கெட்டில வருதும்மா" என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பதினோரு நாள் கழித்து, ஐப்பசி மழைக்கு நடுவே, போய்விட்டாள்.

திடப்படுத்தல் எடுத்த நாளிலிருந்து எத்தனையோ ஞாயிறுகளில் முழங்காற்படியிட்டு இரண்டு கையையும் நீட்டி அந்த அப்பத்தை வாங்கியிருக்கிறேன். அது ஓர் அடுப்பிலிருந்து வந்த பண்டம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. சிலுவை பதித்த, காகிதம்போல மெல்லிய வட்டம். நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். எங்கள் பெரியவர்கள் அதை இராப்போஜனம் என்பார்கள். அந்தச் சொல்லில் ஒரு ராத்திரி இருக்கிறது, ஒரு சாப்பாடும் இருக்கிறது. எங்கள் கையில் மிஞ்சியிருப்பது ஒரு காலை நேரமும் ஒரு துணுக்கும்.

கேரளத்துப் பாலாவில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் போனில் இதைச் சொன்னபோது அவள் உடனே, "பெசஹா வியாழனுக்கு இங்கே வா. யார் செய்கிறார்கள் என்று கண்ணால் பார்" என்றாள். 2024 மார்ச் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை ராத்திரி, திருநெல்வேலியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

பெசஹா வியாழன் என்பது நாம் பெரிய வியாழன் என்கிற நாள். மலையாளக் கிறிஸ்தவர்கள் அந்த எபிரேயச் சொல்லை விடாமல் வைத்திருக்கிறார்கள். எபிரேயத்தில் பெசாக், சிரியாக் மொழியில் பெஸ்ஹா, நம் வேதாகமத்தில் பஸ்கா. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் ஒரே இரவில் கிளம்பிப்போன கதையின் பெயர் அது. வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி. அதன் இரத்தம் நிலைக்கால்களில். சாவு அந்த வீடுகளைக் கடந்து போகிறது. பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல், தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அந்த இரவை ஆண்டுதோறும் யூதர்கள் சாப்பாட்டு மேசையில் கொண்டாடுகிறார்கள். அந்தப் பண்டிகைக் காலத்தில்தான் இயேசு சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்டார்.

தோழி வீட்டுக்குப் போகும்முன், அந்தச் சொல்லை முதலில் வைத்திருந்தவர்களின் வாசலுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. புதன்கிழமை எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போனேன்.

யூதத் தெரு இன்று பெரும்பாலும் கடைத்தெரு. சால்வைகள், பழம்பொருள்கள், மிளகும் சுக்கும் மணக்கும் கிட்டங்கிகள். சில ஜன்னல் கம்பிகளில் மட்டும் தாவீதின் நட்சத்திரம் மிச்சமிருக்கிறது. கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1950-களில் தொடங்கி இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே எஞ்சினார்கள். தெருவின் கோடியில், 1760-இல் கட்டிய மணிக்கூண்டு. அதன் முகங்களில் எபிரேய எண், ரோம எண், மலையாள எண். அதையொட்டி 1568-இல் எழுப்பிய பரதேசி ஜெப ஆலயம்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வேறு நாட்டு யூதர்கள் பெரும்பாலோரிடம் இல்லாத வழக்கம். கோயில் என்றால் வெறுங்கால் என்று இந்த மண் கற்றுக்கொடுத்தது. காலுக்குக் கீழே சீனத்திலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியவை. மேலே கண்ணாடி விளக்குகள். நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. அங்கே நின்று எவ்வளவு தேடினாலும் பலிபீடம் கிடையாது. இருக்கவும் முடியாது. யூதர்களுக்குப் பலிபீடம் எருசலேமில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கி.பி. 70-இல் ரோமர்கள் தேவாலயத்தை இடித்தபோது அதுவும் போயிற்று. அன்றிலிருந்து பஸ்காவுக்கு ஆட்டுக்குட்டி இல்லை. தட்டில் ஓர் எலும்பை மட்டும் அடையாளத்துக்கு வைக்கிறார்கள்.

அந்த வெறுமையை யூதர்கள் வீட்டால் நிரப்பினார்கள். சமையலறையால் நிரப்பினார்கள் என்றே சொல்வேன். கொச்சி யூதர்கள் பஸ்காவுக்கு ஆயத்தமாவதைப் பற்றி வாசித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. மாதக்கணக்கில் முன்பிருந்தே வேலை தொடங்கிவிடுமாம். சுவருக்கு வெள்ளையடிப்பு, பண்டிகைக்கென்று தனிப் பாத்திரங்கள், அரிசியை ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்குவது. வீட்டில் புளித்த மாவு ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. புளிப்பில்லாத அப்பத்துக்குரிய கோதுமை மாவில் தண்ணீர் பட்டால், 18 நிமிடத்துக்குள் அது அடுப்பிலிருந்து வெந்து வெளியே வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். தாண்டினால் புளிக்கத் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பத்தொன்பதாவது நிமிடம் அடிமைத்தனத்தில் தங்கிவிட்ட நிமிடம்.

பஸ்கா இரவின் முறையை மிஷ்னா என்ற யூத நூல், கி.பி. 200 வாக்கில், விரிவாகச் சொல்கிறது. நான்கு கிண்ணம் திராட்சரசம். கசப்புக் கீரை. பழங்களை இடித்துச் செய்த, செங்கல் சாந்து நிறத்தில் இருக்கும் ஓர் இனிப்பு. வீட்டின் சின்னப் பிள்ளை இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை என்று கேட்க, அப்பா ஒவ்வொரு பண்டமாகக் காட்டிக் கதை சொல்ல வேண்டும். அந்த மேசையில் ஒரு பண்டமும் சும்மா கிடப்பதில்லை. அப்பத்துக்கு ஒரு பொருள், கீரைக்கு ஒரு பொருள். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும், தானே அன்று எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்றும் அந்நூல் கட்டளையிடுகிறது. என் முன்னோர் வந்தார்கள் என்று சொன்னால் போதாது.

இயேசு அந்த இரவில் புதிய பண்டம் எதையும் கொண்டுவரவில்லை என்பது, அந்த நீல ஓடுகளின்மேல் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பமும் கிண்ணமும் முன்பே இருந்தன. எடுத்து, ஸ்தோத்திரம் சொல்லி, பிட்டு, கொடுக்கிற முறையும் இருந்தது. எந்த யூதத் தகப்பனும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்வதுதான். மேசைத் தலைவர் அப்பத்துக்குப் பொருள் சொல்லும் வழக்கமும் அந்த மண்ணில் வேர் கொண்டதுதான். அவர் அந்தத் தகப்பனின் இடத்தில் உட்கார்ந்து, வேறொரு பொருளைச் சொன்னார். தன்னையே சொன்னார். கூட இருந்தவர்கள் எப்படித் திடுக்கிட்டிருப்பார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம். இரத்தத்தை வாயில் வைக்கவே கூடாது என்று லேவியராகமம் விதித்த ஜனம் அது. கறியை உப்பிட்டு ஊறவைத்து, இரத்தம் போகக் கழுவிச் சமைக்கிற ஜனம். அவர்களிடம் கிண்ணத்தை நீட்டி, இது என் இரத்தம் என்கிறார். சீனாய் மலையடியில் மோசே உடன்படிக்கையின் இரத்தத்தை ஜனங்கள்மேல் தெளித்த கதை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் பாரம் புரியும். அன்று மேலே தெளித்தது, இன்று உள்ளே போகிறது.

அது பஸ்கா விருந்துதானா என்பதில் சுவிசேஷங்களே இரண்டாகப் பிரிகின்றன. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆம் என்கிறார்கள். யோவானோ, ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படுகிற ஆயத்த நாளிலேயே இயேசு சிலுவையில் தொங்குவதாகச் சொல்கிறார். அவருக்கு இயேசுவே அந்த ஆட்டுக்குட்டி. ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் எரேமியாஸ் முதல் பலர் இதற்காகவே புத்தகம் எழுதியிருக்கிறார்கள். இன்றைய யூதரின் பஸ்கா முறையை அப்படியே எடுத்து அந்த மேல்வீட்டு அறையில் வைத்துப் பார்ப்பதும் சரியல்ல. அதில் பல பகுதி தேவாலயம் இடிந்தபின் உருவானது. ஆனால் ஊரெல்லாம் ஆட்டுக்குட்டிகளும் யாத்திரிகரும் நிறைந்த அந்த வாரத்தில், எந்த நாளாக இருந்தாலும், அந்த மேசையில் எகிப்து இல்லாமல் இருந்திருக்காது. எனக்கு அது போதும்.

அந்த வருஷம் யூதரின் பஸ்கா ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது, எங்கள் பெரிய வியாழனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தி. அவர்கள் பஞ்சாங்கத்தில் அது கூடுதல் மாதம் வருகிற ஆண்டு. ஈஸ்டர் நாளை யூதர் கணக்கைப் பார்த்து வைக்க வேண்டாம் என்று 325-இல் நிசேயா சங்கம் முடிவுசெய்ததிலிருந்து, ஒரே பௌர்ணமியைப் பார்த்த இரண்டு வீடுகளும் தனித்தனி நாள்காட்டி மாட்டிக்கொண்டன. நாள்காட்டியோடு நின்றிருக்கலாம். ஐரோப்பாவில் பெரிய வாரம் என்றால் யூதர்கள் கதவை அடைத்துக்கொண்ட காலம் உண்டு. யூதர்கள் திருவப்பத்தைத் திருடிக் குத்துகிறார்கள் என்று கதை கட்டி, ஊர் ஊராகக் கொன்றிருக்கிறார்கள். யூத மேசையிலிருந்து எடுத்த அப்பத்தின் பெயரால் யூதரையே கொன்றார்கள். இதை நினைக்காமல் நான் இனி கை நீட்ட முடியாது.

இந்த ஜெப ஆலயமும் தப்பவில்லை. 1662-இல் போர்த்துக்கீசியர் இதைச் சூறையாடித் தீ வைத்தார்கள். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபின்தான் சீர்செய்ய முடிந்தது.

வியாழக்கிழமை காலை வைக்கம் வழிப் பஸ்ஸில் போனபோது, திருப்பூணித்துறை தாண்டி உதயம்பேரூர் பெயர்ப்பலகை வந்தது. 1599-இல் கோவா பேராயர் அலெக்சிஸ் டி மெனேசிஸ் இங்கேதான் சங்கம் கூட்டினார். என் தோழியின் முன்னோரான மார்த்தோமா கிறிஸ்தவர்களை லத்தீன் வழிக்கு இழுத்து, அவர்களின் சிரியாக் புத்தகங்களை எரிக்கச் சொன்ன சங்கம். யூதரின் கோயிலையும் சிரியாக் ஏடுகளையும் அறுபத்துமூன்று வருஷ இடைவெளியில் ஒரே அதிகாரம் கொளுத்தியிருக்கிறது. அதற்கு முன்போ, இந்தக் கரையில் இரு கூட்டமும் ஒரே செப்பேட்டில் இருந்தவர்கள். 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு வேணாட்டு அரசர் அய்யனடிகள் திருவடிகள் கொடுத்த பட்டயத்தில், சாட்சிகள் அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பட்டயத்தின் வாசகம் வட்டெழுத்தில். தமிழ் தெரிந்தவருக்குப் பாதி புரிந்துவிடும்.

வைக்கத்தில் பஸ் மாறி, பாலா போய்ச் சேர உச்சியாகிவிட்டது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, சாய்ந்த மண்ணில் நிற்கும் பழைய ஓட்டு வீடு. காலையிலேயே அவர்கள் கோயிலில் கால் கழுவும் சடங்கு முடிந்திருந்தது. தோழியின் அம்மா, எண்பத்தொரு வயது அம்மச்சி, என் கையைப் பிடித்து நேரே சமையலறைக்கு அழைத்துப்போனார். "வா மோளே, நீ பார்க்கத்தானே வந்தாய்."

பச்சரிசி ஊறியிருந்தது. இன்னொரு பாத்திரத்தில் லேசாக வறுத்து ஊறப்போட்ட உளுந்து. துருவிய தேங்காய், நாலைந்து சின்ன வெங்காயம், ஒரு சிட்டிகை சீரகம், இரண்டு பல் பூண்டு. எல்லாம் கிரைண்டரில் விழுந்து மாவாகத் திரண்டதும், அம்மச்சி அதை வழித்து எடுத்து என் முகத்தருகே நீட்டினார். மணந்து பார்த்தேன். பச்சை அரிசி வாடை, தேங்காய் வாடை. புளிப்பின் சாயல்கூட இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அரிசியும் உளுந்தும். இது எங்கள் வீட்டு மாவு. அம்மா தினம் சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலக்கி, மூடிவைத்து, விடிந்ததும் பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பாளே, அதே மாவு. இதற்கு ஒரு ராத்திரி மட்டும் கொடுக்கப்படவில்லை. "இதை உறங்க விடக் கூடாது," என்றார் அம்மச்சி. "அரைத்த கையோடு அடுப்பில் ஏற வேண்டும்." புளிப்பில்லாத அப்பம் என்று வேதாகமத்தில் ஆயிரம் முறை வாசித்திருக்கிறேன். காத்திருக்க நேரமில்லாதவர்களின் சாப்பாடு அது என்பதை, இட்லிக்கு மாவு பொங்கக் காத்திருந்து வளர்ந்த என் மூக்கு அன்றுதான் அறிந்தது.

யூதச் சட்டப்படி இது பஸ்கா அப்பம் ஆகாது. கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களில் செய்தால்தான் அது அப்பம். அரிசி கணக்கில் வராது. இந்தப் பழக்கம் இங்கிருந்த யூதர்களிடமிருந்து நேரே வந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு, சிரியாக் திருச்சபையின் வழியாக வந்தது என்பவர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், யாரோ ஒரு மலையாளத்துப் பெண் தன் அடுக்களையில் இருந்த அரிசியையும் உளுந்தையும் பார்த்து, இதைப் புளிக்கவிடாமல் செய்தால் அதுதான் இது என்று முடிவெடுத்திருக்கிறாள். எந்தச் சங்கமும் கூடி எழுதாத அந்த முடிவை நான் பெரிய இறையியலாகவே மதிக்கிறேன்.

அம்மச்சி மாவைத் தட்டில் ஊற்றினார். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையைக் கிழித்து, சிறு சிலுவையாக முதல் அப்பத்தின் நடுவில் வைத்தார். ஆவியில் வெந்தது. என்னிடம் பெசஹா பாலைக் கிண்டும் வேலை வந்தது: வெல்லப்பாகில் தேங்காய்ப்பால், கொஞ்சம் அரிசி மாவு, சுக்கு, ஏலக்காய். அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதிலும் ஓர் ஓலைச் சிலுவை மிதந்தது. திராட்சை விளையாத ஊரில் தென்னை அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கிண்டிக்கொண்டே தோழியிடம் அவர்கள் வழிபாட்டைப் பற்றிக் கேட்டேன். குர்பானா என்று சொல்கிறார்கள். சிரியாக் சொல், எபிரேயத்தில் கொர்பான். நம் ஊர் முஸ்லிம்கள் பக்ரீதுக்கு குர்பானி என்பதும் இதே வேர்தான். நெருங்கிவருதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். அவர்கள் திருச்சபையில் முக்கியமான நன்றிமன்றாட்டு அத்தாய், மாரி என்ற இரு தூதர்களின் பெயரில் உள்ளது; கிறிஸ்தவ உலகத்தில் இன்றும் வழக்கில் இருப்பவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று. அதன் மிகப் பழைய ஏடுகளில், இது என் சரீரம் என்கிற அந்த வாசகமே கிடையாது. நன்றி சொல்லிச் சொல்லியே பலியை முடிக்கிறது. இருந்தும் அது செல்லும் என்று 2001-இல் வத்திக்கான் ஏற்றுக்கொண்டது. வழிபாட்டு ஆய்வாளர்கள் பலர் அதன் கட்டமைப்பை யூதர்கள் சாப்பிட்டு முடித்ததும் சொல்லும் நன்றி ஜெபத்தோடு ஒப்பிடுகிறார்கள். நற்கருணைக்கு மேலைநாட்டார் வழங்கும் கிரேக்கப் பெயருக்கும் நன்றி என்றுதான் பொருள். சாப்பிட்டவன் சொல்கிற நன்றி.

எட்டு மணிக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வீட்டில் வேலை செய்யும் அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்தார். தோழியின் அண்ணன் குத்துவிளக்கு ஏற்றி, யாத்திராகமத்திலிருந்து அந்த இரவின் கதையை வாசித்தார். பிறகு ஓலைச் சிலுவையை எடுத்து வைத்துவிட்டு, கத்தியால் அப்பத்தைப் பதின்மூன்று துண்டாக வெட்டினார். அவர்கள் வீட்டில் அதுதான் கணக்கு, கர்த்தருக்கும் பன்னிருவருக்கும். துண்டைப் பாலில் தோய்த்து முதலில் அம்மச்சிக்கு. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்து வயது வரிசையில் ஒவ்வொருவராக. வேலை செய்யும் அக்கா என்னைவிட மூத்தவர். அவர் வாங்கியபின் நான் வாங்கினேன். கடைசியாக ஏழு வயதுப் பேத்தி.

இந்த வரிசை சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஒரே கிண்ணத்திலிருந்து திருவிருந்து வாங்க மாட்டோம் என்று உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் நின்ற சரித்திரம் எங்களுடையது. கோயிலுக்குள் சாதி கூடாது என்று 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது, சாதியை விடுவதற்குப் பதில் கோயிலை விட்டவர்கள் ஏராளம். கேரளத்திலும் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே நிறுத்தியதால்தான் பொய்கையில் யோகன்னான் சபைகளை விட்டு வெளியேறி, தன் மக்களுக்குத் தனி வழி கண்டார். இது ஆதியிலேயே தொடங்கிய நோய். முதல் நூற்றாண்டின் நடுவில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதம்தான் இந்த விருந்தைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய பதிவு. அவர் அதை எழுதக் காரணமே சண்டை: பணக்காரர் முந்தி உட்கார்ந்து உண்டு குடித்துவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அப்படிச் சாப்பிடுகிறவன் தனக்கே தண்டனையைச் சாப்பிடுகிறான் என்கிற அளவுக்குப் போகிறார். அப்பம் எப்படிச் சரீரமாகிறது என்று நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டோம். பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்வது என்பதே பவுலின் முதல் கேள்வி.

அப்பம் மெத்தென்று இருந்தது. வெங்காயமும் சீரகமும் தெரிந்தன. வெல்லப்பால் சூடாக இறங்கியது. மென்று விழுங்க வேண்டியிருந்தது. நினைவுகூர்தல் என்று நம் வேதாகமத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. கூர்தல் என்றால் மிகுதல், அன்புகூர்தல் போல. எபிரேயத்தில் ஸிக்கரோன் என்பதும் பழையதை எண்ணிப் பார்ப்பது மட்டுமல்ல, நடந்ததை மேசைக்கு வரவழைப்பது. நினைவு மிகுந்து மிகுந்து எதிரே வந்து உட்கார்ந்துவிடுவது. அந்தக் கூடத்தில் எனக்கு எகிப்து வந்தது, எருசலேம் மேல்வீடு வந்தது, மூன்று தலையணையில் சாய்ந்தபடி அம்மாவும் வந்தாள். இது சுட்டது இல்லையம்மா, அவித்தது. அம்மச்சி அவித்தது. பாலைக் கிண்டியது நான்.

தட்டில் இருந்த துகள்களை அம்மச்சி விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். தட்டைக் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் முற்றத்துச் செம்பருத்தியின் மூட்டில் ஊற்றினார். எங்கள் ஐயர் அம்மாவின் கட்டிலருகே வெள்ளிக் கிண்ணத்தில் நீர் விட்டுச் சுழற்றி, தானே குடித்தது ஞாபகம் வந்தது.

பேத்தி வாழையிலை போட்டு மூடிய ஒரு தூக்குப் போணியோடு வாசலில் நின்றாள். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பெசஹா அப்பம் செய்யக் கூடாது. உறவும் அண்டை அயலும்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தை மாதம் அங்கே பாட்டி இறந்திருந்தார். டார்ச் அடித்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே போனோம். திண்ணையில் பெரியவர் காத்திருந்தார். ஏற்கெனவே வேறு இரண்டு வீட்டுப் பாத்திரங்கள் அவர் பக்கத்தில் இருந்தன. எழுந்து நின்று, குழந்தையிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் அம்மச்சி என் முகத்தைப் பார்த்து, "உன் வீட்டிலும் இந்த வருஷம் கூடாதல்லவா" என்றார். எங்கள் சபையில் அந்த வழக்கமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு துண்டு என் கையில் இருந்தது.

பெரிய வெள்ளி காலையில் அவர்களோடு கோயிலுக்குப் போனேன். நீண்ட ஆராதனை முடிந்து, சிலுவையை முத்தமிட்டு வெளியே வந்தபோது, வராந்தாவில் ஒரு பெரிய அண்டா. பாகற்காய்ச் சாறு, கைப்புநீர் என்கிறார்கள். சிலுவையில் அவருக்கு நீட்டிய காடியின் ஞாபகமாக. இந்தக் கசப்பும் வேறொரு மேசையில் முன்பே இருந்ததுதான், கீரை வடிவில். குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். அம்மச்சி ஒரே மடக்கில் குடித்து முடித்துவிட்டு, என் டம்ளரை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு வாய் மீதியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். குடித்தேன்.